18-ஆம் ஸ்குவாட்ரன் நாட் விமானக் கிட்: பிளாஸ்டிக்குக்கு நல்ல மார்க், வரலாற்றுத் தாளுக்கு முட்டை

இந்திய விமானப்படையின் 18-ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) பெயரைப் பெட்டிமேல் பெரிதாகப் போட்டு, 1/72 அளவில் நாட் சண்டை விமானத்தின் பிளாஸ்டிக் கிட் (பாகங்களை நாமே வெட்டி ஒட்டிச் செய்யும் மாடல்) ஒன்றை ஒரு சின்ன கம்பெனி விற்கிறது. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. கொஞ்சம் பாராட்டும் நிறைய திட்டும் இருக்கிறது, இரண்டையும் பெயர் இல்லாமலே செய்துவிடலாம். விலை 1,850 ரூபாய், கூரியர் தனி. சேலம் அம்மாப்பேட்டை வரை பத்திரமாக வந்து சேர்ந்தது, பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது, உள்ளே எதுவும் உடையவில்லை. அவசரக்காரர்களுக்கு: வாங்கலாம். ஆனால் கூடவே வருகிற எட்டுப் பக்க வரலாற்றுத் தாளைப் படித்துவிட்டு அதை நம்பி யாரிடமும் கதை சொல்லிவிடாதீர்கள். அவசரம் இல்லாதவர்கள் தொடர்ந்து படியுங்கள், ஏனென்றால் அந்தத் தாள்மேல் எனக்கு இருக்கும் கோபம் ஒரு பத்தியில் அடங்காது.

முதலில் அளவு. நிஜ நாட் 8.74 மீட்டர் நீளம், இறக்கை விரிப்பு 6.73 மீட்டர். நம் கமலாபுரம் விமான நிலையத்துக்கு வந்துபோகிற ஏடிஆர் 72 விமானத்தின் நீளம் 27 மீட்டருக்கு மேல், அதில் மூன்றில் ஒரு பங்குகூட நாட் வராது. 72-ஆல் வகுத்தால் மாடல் 12.1 சென்டிமீட்டர் நீளமும் 9.35 சென்டிமீட்டர் அகலமும் இருக்கவேண்டும். ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தேன், நீளம் அச்சாக இருக்கிறது, இறக்கை ஒரு மில்லிமீட்டர் கூடுதல். அந்த ஒரு மில்லிமீட்டருக்கெல்லாம் சண்டைக்குப் போகமாட்டேன். நாட் விஷயத்தில் அளவு ஏன் முக்கியம் என்றால், அந்த விமானத்தின் மொத்தக் கதையே அது சின்னதாக இருந்ததுதான். கிட் செய்பவர்கள் உடம்பைக் கொஞ்சம் தடிமனாக வார்த்துவிட்டால்கூட அது நாட் ஆகாது, வேறு ஏதோ ஜெட் ஆகிவிடும். இவர்கள் அதில் கோட்டைவிடவில்லை.

பெட்டர் என்று ஓர் ஆங்கிலேய வடிவமைப்பாளர். கான்பெரா குண்டுவீச்சு விமானம் அவர் கைவண்ணம். 1950-களில் சண்டை விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் கனமாகிக்கொண்டும் விலை ஏறிக்கொண்டும் போவதைப் பார்த்து, இது இப்படியே போனால் யாருக்கும் கட்டுப்படியாகாது என்று முடிவுகட்டி, ஃபோலண்ட் என்ற சிறிய கம்பெனியில் உட்கார்ந்து இந்தக் குட்டி விமானத்தை வரைந்தார். 1954 ஆகஸ்டில் மிட்ஜ் என்ற முன்மாதிரி பறந்தது, 1955 ஜூலை 18 அன்று நாட் பறந்தது. காலி எடை சுமார் 2,200 கிலோ. பிரிட்டிஷ் விமானப்படை இதைச் சண்டை விமானமாக எடுத்துக்கொள்ளவே இல்லை, இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானமாக மாற்றித்தான் வாங்கியது. சண்டை விமானமாக வாங்கியவர்கள் பின்லாந்தும் யூகோஸ்லாவியாவும் நாமும்தான். அதில் பெரிய அளவில் வாங்கியதும், 1956-இல் உரிமம் பெற்று பெங்களூர் விமானத் தொழிற்சாலையான ஹெச்ஏஎல்-இல் நாமே தயாரித்ததும் இந்தியா மட்டும். வரலாற்றுத் தாளின் இரண்டாம் பக்கத்தில் 'இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட நாட்' என்று போட்டிருக்கிறார்கள். பெட்டர் படித்தால் என்ன நினைப்பார்? தயாரித்ததற்கும் வடிவமைத்ததற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் வரலாறு எழுத உட்காரக்கூடாது. சரி, தாளுக்கு அப்புறம் வருகிறேன்.

பிளாஸ்டிக் வெளிர் சாம்பல் நிறம், கொஞ்சம் மென்மையான ரகம், வெட்டினால் நொறுங்காமல் வெட்டுப்படுகிறது. மொத்தமும் இரண்டு பிரேமில் (பாகங்கள் ஒட்டியபடி வரும் சட்டம்) அடங்கிவிடுகிறது. மேலே ஓடும் தகட்டுக் கோடுகள் பள்ளமாக, மெல்லிசாக இருக்கின்றன, பழைய கிட்களில் வருகிற புடைத்த கோடு இல்லை. பாகங்களைப் பிரேமோடு பிடித்திருக்கும் காம்பு மட்டும் சில இடங்களில் தேவைக்கு மேல் தடிமன். குறிப்பாக வால் இறக்கைகளில் காம்பை வெட்டிய தழும்பு சரியாக முன் விளிம்பில் விழுகிறது. அதை ராவி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இந்த ராவுகிற விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மாடல் செய்வதற்கென்றே விற்கிற அரம், சாமணம், கைத்துளை ஊசி எல்லாம் ஆன்லைனில் கொள்ளை விலை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் அதே வேலையைச் செய்கிற, அதைவிட உறுதியான சாமான்கள் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. ஊசி அரம் ஒரு செட்டும் வளைமூக்குச் சாமணம் ஒன்றும் இந்த கிட்டுக்குப் போதும். எதிர்வீட்டு அண்ணன் கொலுசு வேலைதான் செய்கிறார், திண்ணையில் நான் ராவிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, முன்னால தள்ளும்போது மட்டும் அழுத்துங்க, இழுக்கும்போது தூக்கிருங்க, இல்லாட்டி அரமும் போயிரும் பொருளும் போயிரும்" என்று சொல்லிவிட்டு, அரத்தைக் கையில் வாங்கி நாலு இழுப்பில் அந்தத் தழும்பை மாயமாக்கிவிட்டார். பிறகு மாடலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்குள்ள ஆளு உக்காந்து போறானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாட் ஓட்டியவர்கள் இருக்கையில் உட்கார்வதில்லை, விமானத்தையே சட்டைபோல மாட்டிக்கொள்கிறார்கள் என்று சொல்லும் அளவுக்கு உள்ளே இடம் நெருக்கம்.

காக்பிட் பரவாயில்லை. இருக்கை, தரை, முன்பலகை, அவ்வளவுதான், கேனோபியை (விமானி தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடி) மூடிவிட்டால் இதற்கு மேல் தெரியவும் தெரியாது. கேனோபி ஒரே துண்டு, தெளிவாக இருக்கிறது. ஆனால் பிரேமில் இருந்து வெட்டும்போது கத்தியை விட்டு ரம்பத்தை எடுங்கள், விரிசல் விழ வாய்ப்பு அதிகம்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் காற்று உள்ளிழுக்கும் வாய்கள். நாட் விமானத்தில் துப்பாக்கிகள் மூக்கில் இருக்காது, இறக்கையிலும் இருக்காது. 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கி இந்த வாயின் வெளிப்பக்கத்தில் ஒன்று, அந்த வாயின் வெளிப்பக்கத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 115 குண்டுகள். நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறுக்குக் குறையாமல் கக்குகிற பீரங்கி அது, அப்படியென்றால் விசையை விடாமல் அழுத்தினால் ஆறு நொடிக்குள் எல்லாம் காலி. அதுவும் பீரங்கி சிக்கிக்கொள்ளாமல் இருந்தால். 1965 போரில் நாட் விமானிகளின் பெரிய தலைவலியே சண்டை நடுவே பீரங்கி சிக்கிக்கொள்வதுதான். கிட்டில் துப்பாக்கிக் குழி மேலோட்டமான ஒரு பள்ளமாக மட்டும் இருக்கிறது. கைத்துளை ஊசியால் அரை மில்லிமீட்டர் ஆழம் குடைந்து உள்ளே கறுப்பு வைத்தால் முகமே மாறிவிடுகிறது. செய்யாமல் விடாதீர்கள், பத்து நிமிட வேலை.

சக்கர விஷயம் ஒன்று. நாட் விமானத்தின் சக்கரக் கதவுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு, பறக்கும்போது சக்கரத்தைப் பாதி இறக்கினால் அந்தக் கதவுகளே காற்றில் மோதி வேகத்தைக் குறைக்கும் பிரேக் ஆகிவிடும். எடையை மிச்சம்பிடிக்கப் பெட்டர் செய்த வேலை. அதனால் அந்தக் கதவுகள் சாதாரண விமானத்தில் இருப்பதைவிடப் பெரிதாக, வளைவாக இருக்கும். கிட்டில் வளைவு சரி, ஆனால் எந்தக் கோணத்தில் ஒட்டவேண்டும் என்பதை விளக்கப் படம் தெளிவாகக் காட்டவில்லை, ஒட்டுவதற்குக் குழியும் இல்லை, தட்டையாக ஒட்டவேண்டியிருக்கிறது. நிஜ விமானத்தின் பழைய போட்டோ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். அப்புறம், மூக்கில் எடை வைக்க மறந்தால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். எவ்வளவு எடை என்று தாள் சொல்லவில்லை. தூண்டில் போடுகிறவர்கள் வாங்கும் சின்ன ஈயக் குண்டுகளைக் காக்பிட்டுக்கு முன்னால் இருக்கும் பொந்தில் பசை விட்டு அடைத்தேன், நிற்கிறது.

இப்போது நிறம். இங்கேதான் கோபம் ஆரம்பம். பெட்டி ஓவியத்தில் 1971 டிசம்பர், ஸ்ரீநகர், பச்சை உருமறைப்புப் பூச்சோடு ஒரு நாட் மேலே ஏறுகிறது. உள்ளே விளக்கத் தாளில் அதே விமானம், அதே எண், முழுக்க வெள்ளி நிறம்! இரண்டில் எது சரி என்று ஒரு வரிகூட இல்லை. 1971-இல் நம் விமானங்கள் பலவற்றுக்கு அவசர அவசரமாக உருமறைப்பு பூசினார்கள், அதனால் எந்த விமானம் எந்தத் தேதியில் எப்படி இருந்தது என்பது கவனமாகத் தேடிப் பார்த்துச் சொல்லவேண்டிய விஷயம். தேடவில்லையென்றால் தேடவில்லை என்று எழுதியிருக்கலாம், அதிலும் தப்பில்லை. ஒரே பெட்டிக்குள் வெளியே ஒரு நிறம் உள்ளே ஒரு நிறம் என்று போட்டுவிட்டு நம்மையே முடிவுபண்ணச் சொன்னால் எப்படி?

ஆகவே அந்தத் தேர்வை ஓரங்கட்டிவிட்டு, இரண்டாவதாகக் கொடுத்திருக்கும் 1965-ஆம் வருட அம்பாலா விமானத்தைச் செய்தேன். அந்தக் காலத்து நாட் விமானங்கள் வெள்ளி நிறம் என்பதில் சந்தேகமே இல்லை. வெள்ளி பூசுவதற்குச் சேலத்தை விடச் சிறந்த ஊர் வேண்டுமா என்று வீட்டில் கிண்டல் வேறு. கறுப்பு பளபளப்பு பிரைமர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, மேலே வெள்ளி ஸ்ப்ரே மெல்லிசாக. நம்மூர் வெயிலில் மொட்டைமாடிப் பக்கம் போகாமல் நிழலிலேயே சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. ஏற்காட்டில் மாடல் செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார், பனி இறங்குகிற நாளில் இந்த மாதிரி ஸ்ப்ரே அடித்தால் ஈரம் பட்டு மேலே வெள்ளையாகப் புகைபடிந்த மாதிரி ஆகிவிடும் என்பார், மலைமேல் இருப்பவர்கள் வெயில் வந்தபிறகு அடிக்கவும்.

டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் குறிகள்) நல்ல தரம், தண்ணீரில் அரை நிமிடத்தில் கழன்றுவிடுகிறது, கிழியவில்லை. மூவர்ண வட்டத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை, நிறங்கள் சரியாக வந்திருக்கின்றன. ஆனால் என் தாளில் இறக்கைக்கான வட்டம் ஒன்றில் பச்சை மையத்தை விட்டு நகர்ந்து அச்சாகியிருந்தது. உபரி வட்டம் கொடுக்கவில்லை. பார்க்கிறவர்கள் யாரும் கவனிக்கமாட்டார்கள், எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் அதுதான் கண்ணில் படுகிறது. கீழ் இறக்கையில் ஒட்டி ஒளித்துவிட்டேன்.

சரி, அந்த வரலாற்றுத் தாள்.

பளபள காகிதம், அழகான அச்சு, எட்டுப் பக்கம். தலைப்பு 18-ஆம் ஸ்குவாட்ரனின் வீர வரலாறு. அந்த ஸ்குவாட்ரன் 1965 ஏப்ரல் 15 அன்று அம்பாலாவில் நாட் விமானங்களோடு தொடங்கப்பட்டது, ஃபிளையிங் புல்லட்ஸ் என்று பெயர், இதுவரை சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் 1965 செப்டம்பர் 3-இல் ட்ரெவர் கீலர் பாகிஸ்தானின் சேபர் சண்டை விமானத்தை வீழ்த்தியதை 18-ஆம் ஸ்குவாட்ரனின் முதல் வெற்றி என்று எழுதியிருக்கிறார்கள். கீலர் 23-ஆம் ஸ்குவாட்ரன்! நாட் விமானத்தை முதலில் பெற்ற ஸ்குவாட்ரன் அதுதான். போதாக்குறைக்கு அந்தச் சண்டையைப் பற்றி இரு நாட்டுக் கணக்கும் வேறு வேறு. நம் தரப்பில் கீலர் வீழ்த்தினார் என்று வீர் சக்ரா கொடுத்தோம், அந்த சேபர் பலத்த சேதத்தோடு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது பாகிஸ்தான் தரப்பு. அதே நாள் அதே ஸ்குவாட்ரனைச் சேர்ந்த சிகந்த் என்பவர் பஸ்ரூர் என்ற பாகிஸ்தான் ஓடுதளத்தில் தன் நாட் விமானத்தை இறக்கிவிட்டுப் பிடிபட்டார். ஐஇ1083 என்ற எண் கொண்ட அந்த விமானம் இன்றும் கராச்சியில் பாகிஸ்தான் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜெயித்ததை மட்டும் அடுத்த ஸ்குவாட்ரனில் இருந்து கடன் வாங்கிக்கொண்டு, பிடிபட்டதைப் பற்றி மூச்சுவிடவில்லை பாருங்கள்.

நாலாம் பக்கத்தில் போய்ரா. 1971 நவம்பர் 22, அதிகாரப்பூர்வமாகப் போர் தொடங்குவதற்கு முன்பே கிழக்கு எல்லையில் நடந்த சண்டை. கல்கத்தா டம்டம்மில் இருந்து கிளம்பிய நாலு நாட் விமானங்கள், மாசி, கணபதி, லாசரஸ், சோரஸ் என்று நாலு பேர், சேபர்களை மறித்துச் சில நிமிடங்களில் வேலையை முடித்தார்கள். இரண்டு பாகிஸ்தான் விமானிகள் பாராசூட்டில் இறங்கிப் பிடிபட்டார்கள், அவர்களில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி பின்னாளில் பாகிஸ்தான் விமானப்படைக்கே தலைவரானார். அருமையான கதை, ஆனால் 22-ஆம் ஸ்குவாட்ரனின் கதை. இதையும் தூக்கி 18-இல் போட்டிருக்கிறார்கள். நாட் ஓட்டினவர்கள் எல்லாரும் ஒரே ஸ்குவாட்ரன் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ.

இதில் என்ன பெரிய குற்றம், எல்லாம் நம் விமானப்படைதானே என்று மாடல் செய்கிற நண்பர்கள் இரண்டு பேர் கேட்டார்கள். குற்றம்தான். பெட்டிமேல் 18 என்று போட்டுத்தான் காசு வாங்குகிறார்கள். 18-க்குச் சொந்தக் கதை இல்லாமல் இருந்திருந்தால்கூடப் பாவம் என்று விட்டிருப்பேன். மொத்த விமானப்படையிலும் வேறு எந்த ஸ்குவாட்ரனுக்கும் இல்லாத ஒன்று இந்த ஸ்குவாட்ரனுக்கு இருக்கிறது: விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்ரா. ஊரார் கதைக்கு மூன்று பக்கம் ஒதுக்கிவிட்டு அந்த ஆளுக்கு ஒரே ஒரு பத்தி கொடுத்திருக்கிறார்கள்.

பிளையிங் ஆபிசர் நிர்மல் ஜித் சிங் சேகோன். லூதியானா மாவட்டத்துக்காரர். எல்லாரையும் 'பிரதர்' என்று கூப்பிடுவாராம், அதனால் ஸ்குவாட்ரனில் அவருக்கே அது பட்டப்பெயர் ஆகிவிட்டது. 1947-48 போருக்குப் பிந்தைய உடன்பாட்டின்படி ஸ்ரீநகரில் நாம் சண்டை விமானங்களை நிறுத்தி வைத்திருக்கவில்லை. 1971 போர் வந்தபிறகுதான் 18-இல் இருந்து ஒரு சிறு பிரிவு நாட் விமானங்களோடு அங்கே போனது. அங்கிருந்த மலைகளும் பள்ளத்தாக்கும் இந்த விமானிகளுக்குப் புதுசு, குளிரும் புதுசு, ஓடுதளத்தின் உயரமும் புதுசு.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சேலத்தில் இருந்து இதைப் புரிந்துகொள்வது சுலபம். ஏற்காடு கடல்மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர், ஸ்ரீநகர் விமானத்தளம் அதைவிட ஒரு நூறு, நூற்றைம்பது மீட்டர்தான் கூடுதல். கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி மேலே போய் இறங்கியதும் காற்று லேசாக இருக்கிறது என்று நாம் ஜாலியாகச் சொல்வோமே, அந்த லேசுதான் ஜெட் என்ஜினுக்கு எதிரி. காற்று அடர்த்தி குறைந்தால் என்ஜின் உந்துவிசையும் குறையும், இறக்கை தூக்குவதும் குறையும், எழும்ப அதிக ஓட்டம் வேண்டும். குளிர்காலக் குளிர் காற்றைக் கொஞ்சம் அடர்த்தியாக்கிக் கைகொடுக்கும் என்றாலும், சமவெளித் தளத்தின் பழக்கத்தில் வந்தவர்களுக்கு இது வேறு கணக்கு. நாட் விமானத்தில் இருந்தது ஒரே ஓர் ஆர்ஃபியஸ் என்ஜின், தரைமட்டத்திலேயே 2,100 கிலோவை ஒட்டித்தான் உந்துவிசை.

டிசம்பர் 14 காலையில் பெஷாவரில் இருந்து வந்த ஆறு சேபர்கள் ஸ்ரீநகர் தளத்தின்மேல் பாய்ந்தன. தயார்நிலையில் இருந்தது இரண்டு நாட் விமானங்கள், தலைவராக கும்மன், அவர் பின்னால் இரண்டாவதாக சேகோன். முதல் நாட் ஓடிக் கிளப்பிய புழுதி அடங்கும்வரை இரண்டாவது காத்திருக்க வேண்டும், அதற்குள் ஓடுதளத்தில் குண்டு விழ ஆரம்பித்துவிட்டது. விழுந்துகொண்டிருக்கும்போதே சேகோன் விமானத்தைக் கிளப்பினார். மேலே ஏறியதும் கும்மனுக்கு இவர் எங்கே என்று தெரியவில்லை, சண்டை முழுக்கத் தனி ஆள். ஆறு பேருக்கு எதிராக ஒருவர், கையில் ஆறு நொடிக்குக் குறைவான குண்டு. விருது அறிக்கை சொல்வது, ஒரு சேபர்மேல் அவர் குண்டு பட்டது, இன்னொன்றில் தீப்பிடிக்க வைத்தார் என்பது. தாள் இதை 'இரண்டு சேபர்களைச் சுட்டு வீழ்த்தினார்' என்று மாற்றிவிட்டது. அறிக்கையில் இருப்பதே போதாதா, அதற்கு மேல் இவர்கள் ஏன் சேர்க்கவேண்டும்? மரங்களின் உயரத்துக்குத் தாழ்ந்து நடந்த சண்டையில் கடைசியில் அவர் விமானம் அடிபட்டு மலைப்பள்ளத்தில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. அவரை வீழ்த்திய பாகிஸ்தான் விமானியே பிற்பாடு அவர் சண்டைபோட்ட திறமையைப் பாராட்டி எழுதினார். தாளில் இதில் எதுவும் இல்லை. புழுதி இல்லை, உயரம் இல்லை, தனியாகப் போனது இல்லை, 'எதிரிகளைத் துவம்சம் செய்தார்' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது.

அதோடு கதை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள், தாளின் கடைசிப் பக்கம் 1971-இலேயே நின்றுவிடுகிறது. மிச்ச இடத்தில் அவர்களுடைய மற்ற கிட்களின் விளம்பரம். ஸ்குவாட்ரன் என்ன அன்றைக்கே கலைந்துபோனதா? நாட் விமானத்தை நாமே மேம்படுத்தி, இறக்கைக்குள்ளேயே எரிபொருள் நிரப்பும்படி மாற்றிச் செய்த அஜீத் 1975-இல் முதன்முதலாகப் பறந்தது, 18 அதையும் ஓட்டியது. பிறகு மிக்-27. 12 சென்டிமீட்டர் மாடல் பக்கத்தில் மிக்-27 மாடலை வைத்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பு நீளம். இறக்கையைப் பறக்கும்போதே முன்னும் பின்னும் மடக்குகிற, தரைத் தாக்குதலுக்கென்றே செய்த கனத்த ரஷ்ய விமானம் அது, ஆறு குழல் சுழல் பீரங்கி வேறு. ஆகச் சின்ன விமானத்தில் தொடங்கிய ஸ்குவாட்ரனுக்கு நேர் எதிரான குணம். 2016-இல் அந்த விமானங்களோடு ஸ்குவாட்ரனின் எண்ணையும் எடுத்து வைத்துவிட்டார்கள். விமானம் தீர்ந்தால் எண்ணைத் தூங்கவைப்பதும், புது விமானம் வந்தால் அதே எண்ணை எழுப்புவதும் விமானப்படையில் வழக்கம்தான்.

எழுப்பியது எங்கே தெரியுமா? கோவை பஸ் ஏறினால் நமக்கு மூன்று மணிநேரத் தூரத்தில் இருக்கிற சூலூரில். 2020 மே 27 அன்று தேஜஸ் விமானங்களோடு 18 மறுபடி செயல்பாட்டுக்கு வந்தது. 45-க்கு அடுத்து தேஜஸ் பெற்ற இரண்டாவது ஸ்குவாட்ரன். தேஜஸும் இன்றைய சண்டை விமானங்களில் சின்ன ரகம், நீளம் 13.2 மீட்டர்தான், அதையும் செய்வது அதே ஹெச்ஏஎல். பெங்களூரில் கட்டிய குட்டி விமானத்தில் தொடங்கி, கனத்த ரஷ்ய விமானத்தில் ஒரு சுற்று போய், மறுபடி பெங்களூரில் கட்டிய குட்டி விமானத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு இந்த ஸ்குவாட்ரன்மேல் ஆசை வந்ததே இதனால்தான், தமிழ்நாட்டில் விற்கிற ஒரு கிட்டில் சூலூரைப் பற்றி ஒரு வரி இல்லை என்றால் எரிச்சல் வராதா?

கம்பெனிக்கு மெயில் போட்டேன். இரண்டு பக்கத்துக்கு, தேதிகளோடு. பதில் மரியாதையாகவே வந்தது, அடுத்த அச்சில் பார்க்கிறோம் என்றார்கள், நகர்ந்த பச்சைக்குப் பதிலாக ஒரு டெக்கால் தாளை இலவசமாக அனுப்பினார்கள், அதற்குக் கூரியர் காசும் கேட்கவில்லை. அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டி ஓவியம் சரியா விளக்கத் தாள் சரியா என்ற கேள்விக்கு மட்டும் பதிலே இல்லை.

வாங்கலாமா என்றால், ஏற்கெனவே ஒன்றிரண்டு கிட் செய்து பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், இந்த விலைக்கு இந்தத் தகட்டுக் கோடுகளும் இந்த டெக்காலும் அதிகம்தான். முதல் கிட்டாக, அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பரிசாக வாங்குகிறவர்கள் யோசியுங்கள், வால் இறக்கை ஒட்டுவதும் சக்கரக் கதவும் சின்ன விரல்களுக்கே சிரமம், பாதியில் விட்டுவிடுவார்கள். அப்படியும் பிள்ளைக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு சேகோன் கதையை நீங்களே சொல்லுங்கள்.

அடுத்ததாக இதே ஸ்குவாட்ரனின் மிக்-27 கிட் வரப்போகிறதாம், பதில் மெயிலிலேயே விளம்பரத்தையும் வைத்திருந்தார்கள். இறக்கை நிஜமாக மடங்கும்படி செய்தால் முன்பணம் கட்டத் தயார். தாளை மட்டும் தயவுசெய்து 22 எது 18 எது என்று தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள், வேண்டுமானால் அதற்கு ஐம்பது ரூபாய் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.